லேசரும் வெயிலும்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

முப்பது வருடத்துக்கு மேல் சேலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் ஓயவில்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர் கேட்டது, ஏற்காடு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டது, பேத்தி கேட்டது என்று லேசரைப் பற்றி மட்டும் ஒரு நோட்டு நிறையச் சேர்ந்துவிட்டது. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

வெயிலைவிட லேசர் பலமானது. அதுதானே சார் வித்தியாசம்?

முக்கால்வாசிப் பேர் வழுக்குவது இங்கேதான். மேகமில்லாத நாளில், உச்சிப் பொழுதில், ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழும் வெயிலின் திறன் ஏறக்குறைய 1000 வாட். வகுப்பறையில் பயன்படுத்தும் சாதாரண லேசர் பாயிண்டர் 1 மில்லிவாட். ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வகுத்துப் பாருங்கள். வடகம் காயும் ஒரு சதுர மீட்டர் பாய்க்கு ஈடுகட்டப் பத்து லட்சம் பாயிண்டர் வேண்டும். நம் மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகளில் களம் முழுக்க வெள்ளையாக விரித்துக் காயவைத்திருப்பார்களே, அந்த வேலையை லேசரிடம் ஒப்படைத்தால் ஆலைக்காரர் கரண்டு பில்லிலேயே படுத்துவிடுவார்.

பலத்தில் வெயில்தான் பெரியவர். லேசரிடம் இருப்பது ஒழுங்கு. தமிழில் அதற்குச் 'சீரொளி' என்று பெயர் வைத்தவர் விஷயத்தை ஒரே சொல்லில் பிடித்துவிட்டார். ஆங்கிலப் பெயரில்கூட அந்தத் தெளிவு கிடையாது.

ஒளியில் என்ன ஒழுங்கு?

ஒளி ஓர் அலை. மேடும் பள்ளமுமாக வருவது. மழை பெய்யும்போது மூக்கனேரிக் கரையில் நின்று தண்ணீரைப் பாருங்கள். ஒவ்வொரு துளியும் தன் பாட்டுக்கு ஒரு வட்டத்தை எழுப்பும். ஒன்றின் மேட்டில் இன்னொன்றின் பள்ளம் விழும். மொத்தத்தில் ஏரி கொதிப்பது போல இருக்குமே தவிர, எந்த அலை எங்கிருந்து கிளம்பியது என்று சொல்ல முடியாது. வெயில் அப்படித்தான். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5500 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அங்கே ஒவ்வொரு அணுவும் தனக்குத் தோன்றிய நேரத்தில், தோன்றிய நிறத்தில், தோன்றிய திசையில் ஒளியை விடுகிறது.

லேசருக்குத் தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருநூறு பேர் வடத்தைப் பிடித்திருந்தாலும் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே மூச்சில், ஒரே பக்கம் இழுத்தால் சக்கரம் உருளும். லேசரின் அலைகள் அப்படி ஒரே மூச்சில் வருபவை. உவமையை இதற்கு மேல் இழுக்காதீர்கள். ஒழுங்காக இருப்பதால் லேசருக்குப் புதிதாக ஆற்றல் எதுவும் முளைத்துவிடாது. கொடுத்த மின்சாரத்தில் ஒரு பகுதிதான் ஒளியாக வெளியே வரும்.

இந்த ஒழுங்கில் மூன்று சங்கதி அடக்கம்: நிறம், கட்டம் (அலையின் மேடும் பள்ளமும் எந்த நேரத்தில் வருகின்றன என்பது), திசை. மூன்றுக்கும் தனித்தனியாகக் கேள்வி வந்திருக்கிறது.

வெயிலும் ஒரே நிறம்தானே, வெள்ளை?

வெள்ளை ஒரு நிறமே இல்லை, கூட்டம். முப்பட்டகத்தில் பிரித்தால் ஊதா முதல் சிவப்பு வரை, அலைநீளத்தில் (ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு உள்ள தூரம்) சுமார் 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை இடைவெளியில்லாமல் வரும். அதற்கு இந்தப் பக்கம் புற ஊதா, அந்தப் பக்கம் அகச்சிவப்பு. தரைக்கு வரும் வெயிலின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாலும் முகம் சுடுவது பெரும்பாலும் அதனால்தான்.

சிவப்புப் பாயிண்டரில் வருவது 650 நானோமீட்டர் அருகே ஒரு மெல்லிய கீற்று மட்டும். பள்ளி ஆய்வகங்களில் இருக்கும் ஹீலியம்–நியான் லேசர் 632.8 நானோமீட்டர், புள்ளிக்குப் பின்னால் இலக்கம் போட்டுச் சொல்லும் அளவுக்கு அது தன் நிறத்தை விட்டு நகராது. முப்பட்டகத்தில் விட்டால் வளையும், பிரியாது.

'கட்டம்' என்கிறீர்களே, அதைக் கண்ணால் காட்ட முடியுமா?

முடியும், காசு செலவில்லாமல். இருட்டான அறையில் வெள்ளையடித்த சுவரில் சிவப்புப் பாயிண்டரைக் காட்டுங்கள். புள்ளியைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அது வழவழவென்று இருக்காது. ரவையைத் தூவியது போல மினுமினுப்பான பொடிப்பொடிப் புள்ளிகள் தெரியும். சுவரின் மேடு பள்ளங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் உங்கள் கண்ணுக்குள் சேரும்போது சில இடத்தில் மேடும் மேடும் கூடிப் பிரகாசமாகின்றன, சில இடத்தில் மேடும் பள்ளமும் கழிந்து இருட்டாகின்றன. அதே சுவரில் வெயில் விழும்போதும் இது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் வெயிலின் அலைகள் நொடிக்குக் கோடானுகோடி முறை தாறுமாறாக மாறுவதால் எல்லாம் கலந்து சமமாகிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை மெதுவாக இடம் வலமாக ஆட்டுங்கள். கிட்டப்பார்வைக்காரருக்கு அந்தப் பொடிகள் தலைக்கு எதிர்ப்பக்கம் நகரும். தூரப்பார்வைக்காரருக்குத் தலையோடு கூடவே நகரும். ஒரு வகுப்பில் இதைச் செய்துகாட்டியபோது, கண்ணாடியே போடாத ஒரு பையன் "சார், எனக்கு எதிர்ப்பக்கம் போகுது" என்றான். அடுத்த வாரம் கண்ணாடியோடு வந்தான்.

எவ்வளவு தூரம் வரை அலை ஒழுங்கு மாறாமல் இருக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. வெயிலுக்கு அது தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்கு. ஆய்வக ஹீலியம்–நியான் லேசருக்கு ஒரு சாண். ஒரே நிறத்தில் நிலைத்திருக்கும்படி கவனமாகக் கட்டப்பட்ட லேசர்களில் அது கிலோமீட்டர் கணக்கில் நீளும்.

வெயிலும் நேராகத்தானே வருகிறது? 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதன் கதிர் இணையாகத்தானே இருக்கும்?

நல்ல கேள்வி, பாடப்புத்தகமே 'இணைக்கதிர்கள்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சூரியனின் ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்கள் இணை என்று சொன்னால் சரி. ஆனால் சூரியன் புள்ளி இல்லை. வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. தட்டின் ஓரத்திலிருந்து வரும் கதிரும் நடுவிலிருந்து வரும் கதிரும் வேறு வேறு கோணம்.

இதை நேரில் பார்க்க ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றுக்குப் போங்கள். நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களின் அடியில், உச்சி நேரத்தில், தரையில் வட்ட வட்டமாக ஒளித்திட்டுகள் கிடக்கும். இலை இடுக்குகள் எதுவும் வட்டமில்லை, கோணல்மாணலாகத்தான் இருக்கும். பிறகு வட்டம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு திட்டும் சூரியனின் படம். இடுக்கு பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் படம் ஒன்பது சென்டிமீட்டர் போல இருக்கும்; உயரத்தை 107-ஆல் வகுத்தால் விட்டம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று வானத்தைப் பார்க்காமல் மரத்தடியைப் பார்த்தவர்களுக்கு அத்தனை வட்டங்களும் பிறைகளாக மாறியது தெரிந்திருக்கும்.

லேசரும் ஒரேயடியாக நேர்க்கோடு இல்லை. சாதாரணப் பாயிண்டர் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் விரியும். ஏற்காட்டில் லேடீஸ் சீட் பாறை முனையில் நின்று கீழே சேலம் விளக்குகளை நோக்கிக் காட்டினால் டவுனுக்கு வந்து சேரும்போது பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கும். (கணக்குக்குத்தான் சொன்னேன். செய்யாதீர்கள். கீழே இருபது கொண்டை ஊசி வளைவில் வண்டிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன, காமலாபுரத்தில் விமானம் இறங்குகிறது.) 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளை நோக்கி, தொலைநோக்கி வழியாக மிக மிக விரியாமல் அனுப்பும் லேசர்கூட, அங்கே போய்ச் சேரும்போது சில கிலோமீட்டர் அகலமாகிவிடுகிறது. அப்படியும் அது திரும்பி வரும் இரண்டரை நொடியை அளந்துதான் நிலவின் தூரத்தைச் சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்கிறார்கள்.

இந்த ஒழுங்கை யார் கொடுக்கிறார்கள்? அணுவுக்கு எப்படித் தெரியும்?

அணுவுக்கு ஆற்றல் கொடுத்தால் அது ஒரு படி மேலே ஏறி உட்காரும். சும்மா விட்டால் எப்போதோ ஒரு நேரம் தானாகக் கீழே இறங்கி ஒளியை உமிழும். வெயில், குண்டு பல்பு, குத்துவிளக்குச் சுடர் எல்லாம் இப்படித் தன்னிச்சையாக உமிழ்ந்தவைதான். 1917-இல் ஐன்ஸ்டைன் இன்னொரு வழியை எழுதினார். மேலே உட்கார்ந்திருக்கும் அணுவைச் சரியான ஆற்றலுள்ள ஓர் ஒளித்துகள் கடந்துபோனால், அணு தூண்டப்பட்டு இறங்கும். அப்போது விடும் ஒளி, வந்த ஒளிக்கு அச்சு அசல் இரட்டை. அதே நிறம், அதே கட்டம், அதே திசை. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்.

ஆனால் கீழ்ப்படியில் இருக்கும் அணுக்கள் அதே ஒளியை விழுங்கிவிடும். அதனால் கீழே இருப்பவர்களைவிட மேலே இருப்பவர்கள் அதிகமாக இருக்க வேண்டும். இயற்கையில் இது தலைகீழ் ஏற்பாடு. வெளியிலிருந்து ஆற்றலைத் திணித்துத்தான் செய்ய முடியும். அதன் பிறகு சலூனில் எதிரும் புதிருமாக மாட்டிய கண்ணாடிகளைப் போல இரண்டு கண்ணாடி. நடுவில் ஒளி போய்ப் போய் வந்து பெருகும். ஒரு கண்ணாடி மட்டும் கொஞ்சம் கசிய விடும். அந்தக் கசிவுதான் நம் கைக்கு வரும் லேசர். கண்ணாடிகளுக்கு நேராக ஓடாத ஒளி பக்கவாட்டில் தப்பித்துப் போய்விடுவதால் திசை ஒழுங்கும் இங்கேயே அமைந்துவிடுகிறது.

ஐன்ஸ்டைன் எழுதி நாற்பத்து மூன்று வருடம் கழித்து, 1960 மே 16 அன்று, கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் ஒரு கெம்புக்கல் தண்டில் முதல் லேசரை எரியவைத்தார். செயற்கைக் கெம்புதான்; ஆனாலும் நகைக்கடைக் கல்லிலிருந்து இப்படி ஒரு ஒளி பிறந்தது எனக்கு இன்றும் ரசிக்கத்தக்கதாகவே இருக்கிறது.

பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்தால் காகிதம் எரிகிறது. அதுவும் லேசர் மாதிரிதானே?

எரிவது ஒன்றுதான், வந்த வழி வேறு. பூதக்கண்ணாடி குவிப்பது சூரியனை இல்லை, சூரியனின் படத்தை. பத்து சென்டிமீட்டர் குவியத்தூரம் உள்ள லென்ஸில் அந்தப் படம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு அருமையான லென்ஸ் வாங்கினாலும் அது புள்ளியாகாது, மூலம் அரை டிகிரி தட்டு என்பதால். எத்தனை லென்ஸை அடுக்கினாலும் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான இடத்தை வெயிலால் உண்டாக்கவும் முடியாது. லேசரை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் குவிக்கலாம். அதனால்தான் கொஞ்ச வாட்டே பெரிய வேலை செய்கிறது.

வாத்தியாரே, பட்டறையில் லேசர் பற்றவைப்பு மிஷின் வாங்கலாம் என்கிறார்கள். ஊதுகுழலைவிட நல்லதா?

கொலுசுப் பட்டறைக்காரர் கேட்டது. வியாபாரக் கணக்கு அவருக்குத்தான் தெரியும். ஒளிக் கணக்கை மட்டும் சொன்னேன்.

பற்றவைக்கும் பொடி வைத்து ஊதும்போது சுடரின் சூடு கண்ணியைச் சுற்றிலும் பரவும். பக்கத்தில் மீனாகாரி எனாமலோ கல்லோ இருந்தால் பயந்து பயந்துதான் ஊத வேண்டும். லேசர் மிஷின் ஒரு கண்ணியில் ஊசிமுனை அளவு இடத்தை, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் உருக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளும். சூடு அக்கம்பக்கம் பரவ நேரமே கிடைக்காது. பொடியும் பெரும்பாலும் வேண்டாம். வெள்ளியே வெள்ளியோடு உருகிச் சேரும்.

சங்கடம் ஒன்று உண்டு. இந்த மிஷின்கள் பெரும்பாலும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பில் ஓடுகின்றன. பளபளப்பான வெள்ளி அந்த ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திருப்பி அடித்துவிடும். அதனால் தங்கத்துக்குப் போதுமான அடி வெள்ளிக்குப் போதாது. பலமான மிஷினாக இருக்க வேண்டும். சிலர் பற்றவைக்கும் இடத்தில் மார்க்கரால் கறுப்புப் புள்ளி வைத்துக்கொள்வதும் உண்டு. திருப்பி அடித்த ஒளி எங்கே போகும் என்பதை யோசியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி, கண்ணுக்குள் போகும். அந்த அலைநீளத்துக்கென்று செய்த பாதுகாப்புக் கண்ணாடியும் மூடியும் இல்லாமல் அதன் பக்கத்தில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

அழைப்பிதழும் அக்ரிலிக் போர்டும் வெட்டும் கடைகளில் இருப்பது வேறு ஜாதி: கரியமில வாயு லேசர், 10.6 மைக்ரோமீட்டர். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதைச் செய்தவர் மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அங்கே தெரியும் சிவப்புப் புள்ளி இடம் காட்டத்தான்; வெட்டுவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதன் மூடி வெறும் அக்ரிலிக்காக இருந்தாலும் தடுத்துவிடும். அதே மூடியை 1064-க்குப் போட்டால் ஜன்னல் கண்ணாடி போல விட்டுவிடும். ஒரு லேசரின் பாதுகாப்புச் சாமானை இன்னொன்றுக்கு மாற்றிப் போடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சூரியனைப் பார்ப்பது ஆபத்தா, பாயிண்டரைப் பார்ப்பது ஆபத்தா?

இரண்டும். கணக்கைப் பாருங்கள். வெயிலில் கண்மணி இரண்டு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். நேராகச் சூரியனைப் பார்த்தால் அதன் வழியே உள்ளே போவது 3 மில்லிவாட் போல. விழித்திரையில் அது 0.16 மில்லிமீட்டர் அகலப் படமாக விழும். பாயிண்டரில் வருவது 1 மில்லிவாட்தான், மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அது விழித்திரையில் 0.02 மில்லிமீட்டர் புள்ளியாகச் சுருங்குகிறது. பரப்போடு வகுத்தால் அந்த இடத்தில் லேசரின் அடி சூரியனைப் போல இருபது மடங்கு வரும். மேலே பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று ஏளனம் செய்தோமே, அதே பாயிண்டர்தான்.

1 மில்லிவாட் என்றால் கால் நொடியில் இமை தானாக மூடிக்கொண்டு காப்பாற்றிவிடும். 5 மில்லிவாட்டைத் தாண்டினால் அதை நம்ப முடியாது. ஆன்லைனில் வரும் பச்சைப் பாயிண்டர்களில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நான் நம்புவதில்லை. பச்சை ஒளியைத் தயாரிக்க உள்ளே முதலில் அகச்சிவப்பு உண்டாகிறது. மலிவான பாயிண்டரில் அதைத் தடுக்கும் வடிகட்டியை வைக்காமல் விட்டுவிடுவார்கள். தெரியாத ஒளிக்கு இமை மூடாது.

திருமண வரவேற்பில் சுழலும் லேசர் விளக்குகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மேடையைப் படம் எடுக்கப் போய் என் போன் கேமராவில் ஒரு கோடு நிரந்தரமாக விழுந்துவிட்டது. பேரன் பேத்திகளின் எல்லாப் படத்திலும் இப்போது வானத்தில் ஒரு கம்பி ஓடுகிறது. கேமராவுக்கு இமை கிடையாது.

ஏற்காட்டு மூடுபனியில் லேசர் கோடாகத் தெரிகிறது. வீட்டில் புள்ளி மட்டும்தானே தெரிகிறது?

பக்கவாட்டில் போகும் ஒளி உங்கள் கண்ணுக்கு வராது. பனியில் மிதக்கும் நீர்த்துளிகள் அதில் கொஞ்சத்தைச் சிதறடித்து உங்கள் பக்கம் அனுப்புவதால் கோடு தெரிகிறது. காலையில் மரங்களுக்கு நடுவே வெயில் பட்டை பட்டையாக இறங்குவதும் இதே கதைதான். வீட்டில் கோடு பார்க்க வேண்டுமானால் சாம்பிராணி போடுங்கள்.

லேசர் வெயிலைவிட வேகமாகப் போகுமா?

போகாது. இரண்டும் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர்.

எல்.இ.டி. டார்ச், டிவி ரிமோட் எல்லாம் லேசரா?

இல்லை. எல்.இ.டி. தன்னிச்சை உமிழ்வு, நிறக் கட்டுப்பாட்டில் வெயிலுக்கும் லேசருக்கும் இடைப்பட்டது. கடையில் 'லேசர் டார்ச்' என்று விற்பதில் பலவும் வெறும் டார்ச்தான்.

லேசர் கதிர்வீச்சு என்கிறார்களே, புற்றுநோய் வருமா?

பெயரில் 'ரேடியேஷன்' இருப்பதால் வந்த பயம். குத்துவிளக்கின் ஒளியும் அந்த அர்த்தத்தில் கதிர்வீச்சுதான். சிவப்பு, பச்சை லேசருக்கு எக்ஸ்ரே போல உடலின் மூலக்கூறுகளை உடைக்கும் சக்தி கிடையாது. சுடும், கண்ணைக் கெடுக்கும், அவ்வளவே. தோல் புற்றுநோய் என்று பயந்தால் வெயிலின் புற ஊதாவுக்குப் பயப்படுங்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் அது பத்து சதவீதம் போலக் கூடும். ஏற்காடு 1500 மீட்டர். சேலத்தில் வெயிலுக்குப் பயந்து குடை பிடிப்பவர், மேலே குளுகுளுவென்று இருக்கிறதே என்று நாளெல்லாம் வெறுந்தலையோடு படகுத் துறையில் நிற்பதைப் பார்க்கிறேன்.

அப்படியானால் அறிவியலுக்கு வெயில் எதற்கும் உதவாதா?

சி.வி. ராமனைக் கேளுங்கள். 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் அவரிடம் லேசர் ஏது? வெயிலைத் தொலைநோக்கி லென்ஸால் குவித்து, ஊதா வடிகட்டியால் ஒரு நிறத்தை மட்டும் பொறுக்கி எடுத்துத் திரவத்துக்குள் விட்டார். சிதறி வந்த ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறியிருந்தது, கோடியில் ஒன்று போல. அந்தக் கோடியில் ஒன்றுக்கு 1930-இல் நோபல் பரிசு. வெயிலின் கூட்டத்திலிருந்து ஒரு நிறத்தை வடிகட்டியதுமே பெரும்பகுதி ஒளி போய்விட்டது. மிச்சத்தில் கோடியில் ஒன்றைக் கண்ணால் தேடியிருக்கிறார்கள் அவரும் அவரோடு ஆய்வு செய்த கிருஷ்ணனும். பிறகு பாதரச விளக்குக்கு மாறினார்கள். இன்று இந்த நிறமாற்றத்தை அளக்கும் ராமன் கருவிகளில் லேசர்தான் இருக்கிறது. மருந்து போலியா அசலா என்று கையடக்கக் கருவியிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

வீட்டில் ஒரே சாமானை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட முடியுமா, தாத்தா?

பேத்தியின் கேள்வி. பரணிலிருந்து ஒரு பழைய சி.டி.யை எடுத்தோம். அதன் தடங்களுக்கு நடுவே இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். ஜன்னல் வழியே வந்த வெயிலில் பிடித்தால் சுவரில் வானவில் வளைந்து விழுந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு, சி.டி.யைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சுவரைப் பார்த்தபடி நிறுத்தி, 650 நானோமீட்டர் சிவப்புப் பாயிண்டரை நேராக அடித்தோம். (புள்ளிகள் கண் மட்டத்துக்குக் கீழே விழும்படி வைத்துக்கொள்ளுங்கள், சி.டி. ஒரு கண்ணாடி.) வானவில் இல்லை. நடுவிலிருந்து இரு பக்கமும் 44 சென்டிமீட்டரில் ஒவ்வொரு சிவப்புப் புள்ளி. பச்சைப் பாயிண்டராக இருந்திருந்தால் 35 சென்டிமீட்டரில் விழுந்திருக்கும்.

பேத்தி ஸ்கேல் வைத்து அளந்து 43 என்று எழுதிக்கொண்டாள். சி.டி. கொஞ்சம் சாய்ந்திருந்தது.